கிளைவின் துப்பாக்கி வெடிக்காதது ஏன்?

நேயர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சியில் வந்த காலப்பயணக் கதையை நாவலாக்குவது பற்றி, அதிலும் கடந்த காலத்துக்குப் போகும் கதைகளைப் பற்றி இன்று பேசுகிறேன். இது நெடுநாளாக என் மனதில் ஊறிக் கிடக்கும் விஷயம்.

தொலைக்காட்சி பார்க்கும்போது கேள்வி கேட்க நமக்கு நேரம் இருப்பதில்லை. வாள் மோதும், குதிரை ஓடும், அடுத்த காட்சி வந்துவிடும். புத்தகத்தில் அப்படியல்ல. பக்கத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு, "நடக்கப்போவது இவர்களுக்குத்தான் தெரியுமே, தடுத்தால் என்ன?" என்று யோசிப்போம். நாவலாசிரியர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நாவலாக்குபவரின் முதல் வேலையே அதுதான் என்பேன்.

பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் என்பவர் துணைவர்களோடு காலத்தில் பயணம் செய்யும் கதை அது. 1965-ல் அதில் சிலுவைப்போர்க் கதை ஒன்று நான்கு பகுதிகளாக வந்தது. எழுதியவர் டேவிட் விட்டேக்கர். பாலஸ்தீனத்தில் யாஃபா நகருக்கு அருகே ஒரு காடு. டாக்டரின் காலப்பயண வாகனமான டார்டிஸ் அங்கே வந்து இறங்குகிறது, உடனே சண்டை. மறு ஆண்டே விட்டேக்கர் அதை நாவலாக்கினார். நாவலோ காட்டில் தொடங்கவில்லை. டார்டிஸுக்குள்ளே பயணிகள் உட்கார்ந்து பேசுகிறார்கள். வரலாற்றை ஏன் மாற்ற முடியாது என்ற பேச்சு வருகிறது. அதற்கு டாக்டர் சொல்லும் உதாரணம் யார் தெரியுமா? ராபர்ட் கிளைவ்!

ஆம், நம் சென்னைக் கோட்டையின் கிளைவ்தான். 1744-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக இங்கே வந்து இறங்கிய இளைஞர். மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், துப்பாக்கி வெடிக்கவில்லை என்று அவரைப் பற்றி வழிவழியாக ஒரு கதை உண்டு. ஆற்காடும் பிளாசியும் அதற்குப் பிறகு வந்தவை. நடக்க வேண்டியதை வரலாறு காத்துக்கொள்கிறது என்று காட்ட டாக்டருக்கு அந்தக் கதை கைகொடுக்கிறது. இங்கிலாந்துச் சிறுவர்களுக்காக எழுதிய புத்தகத்தில், சிலுவைப்போருக்குள் நுழையும் வாசலில், சென்னையில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதை! ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். தொலைக்காட்சியில் இந்தப் பேச்சு இல்லை, நாவலுக்காகவே எழுதிச் சேர்த்தது.

இதனால் கிடைத்தது என்ன? சிலுவைப்போருக்கு வந்த இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னர், தன் தங்கை ஜோவன்னாவை எதிரணியின் சுல்தான் சலாதீனின் தம்பிக்கு மணமுடித்துச் சமாதானம் காண நினைக்கிறார். 1191-ல் உண்மையாகவே அப்படி ஒரு பேச்சு நடந்தது. அந்தத் திருமணம் நடக்கவில்லை, ரிச்சர்ட் ஜெருசலேமைப் பிடிக்கவும் இல்லை. வரலாற்றை மாற்ற முடியாது என்ற விதி நாவலில் முன்பே சொல்லப்பட்டுவிட்டதால், நடக்குமா நடக்காதா என்று நாம் தவிப்பதில்லை. தன்னைக் கேளாமல் தன் வாழ்க்கையைப் பேரம் பேசிவிட்டார்களே என்ற ஜோவன்னாவின் கோபத்தின் மேல் முழுக் கவனமும் போகிறது. அந்தக் கோபத்தைத்தான் நாம் பார்க்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: வாசகரின் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிட்டால், மனிதர்களைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கும்.

இன்னொன்று. அந்த நான்கு பகுதிகளில் இரண்டின் படம் இன்று இல்லை, ஒலி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஒளிப்பதிவு நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவார்கள். அதனால் இந்த நாவலை நான் வெறும் நகலாக நினைப்பதில்லை.

இதே தொடரின் இன்னொரு கதையில், மெக்சிகோவின் அஸ்டெக் மக்களின் நரபலியை நிறுத்தப் பார்க்கும், டாக்டரோடு பயணிக்கும் வரலாற்று ஆசிரியை பார்பராவைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்தேன். 1519-ல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்டெஸ் படையெடுத்து வரப்போவது தெரிந்து அவள் படும் பாடு தனி உரைக்குரியது. கடிகாரம் விடவில்லை. இதே தொடருக்கு டொனால்ட் காட்டன் எழுதிய டிராய்ப் போர்க் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதை நாவலாக்கும்போது கதை சொல்லும் வேலையை அவர் ஹோமரிடமே கொடுத்துவிட்டார். கேமரா இருந்த இடத்தில் ஒரு கவிஞர்! கிடைத்தால் முதலில் அதை வாசியுங்கள். வணக்கம்.