இந்த சிலந்திய வரைஞ்சதுக்கு "பொய்"னு சொன்னாங்க! மரியா சிபில்லா மேரியன் கதை

[திரையில்: கொய்யா கிளை, கருப்பு சிலந்தி, மல்லாந்து கிடக்குற குட்டிப் பறவை]

இந்த படத்த நல்லா பாருங்க. ஒரு கொய்யா கிளை, அதுல உடம்பெல்லாம் முடியா ஒரு பெரிய சிலந்தி, அது காலுக்கு அடியில ஹம்மிங்பேர்ட் ஒண்ணு மல்லாக்க கிடக்குது, பக்கத்துலயே கூடு, கூட்டுக்குள்ள முட்டை. இது 1705ல அச்சான படம். நூறு வருஷம் தாண்டினதுக்கு அப்புறம் இங்கிலீஷ்கார ஆராய்ச்சியாளர்கள் சிலர் சிலந்தி பறவைய சாப்பிடவே சாப்பிடாது, இது கட்டுக்கதைன்னு எழுதினாங்க. யாரு சொன்னது சரின்னு இப்ப பாத்துருவோம்.

வரைஞ்சவங்க மரியா சிபில்லா மேரியன். 1647ல ஜெர்மனியில ஃப்ராங்க்ஃபர்ட்ல பிறந்தவங்க, மூணு வயசுல அப்பா போயிட்டார், அம்மா ரெண்டாவதா கட்டிக்கிட்ட யாக்கோப் மாரெல் பூ வரையுற ஓவியர், அவர்தான் கத்துக்குடுத்தார், 18 வயசுல கல்யாணம், ரெண்டு பொண்ணுங்க, இருபது வருஷம் கழிச்சு புருஷன விட்டு பிரிஞ்சு, அப்புறம் ஆம்ஸ்டர்டாம்ல குடியேறிட்டாங்க. இதெல்லாம் வேகமா சொல்லிட்டேன், ஏன்னா நிஜமான கதை புழுவுல இருக்குங்க.

13 வயசுலயே பட்டுப்புழு வளர்க்க ஆரம்பிச்சிட்டாங்க. அந்த காலத்துல நிறைய பேர் பூச்சின்னா சேத்துலயும் அழுகின பொருள்லயும் தானா முளைக்குதுன்னு நம்பிட்டு இருந்தாங்க. இவங்க கம்பளிப்பூச்சிய பெட்டியில போட்டு, அது எந்த இலைய திங்குதுன்னு கண்டுபிடிச்சு, தினமும் அதே இலைய பறிச்சு போட்டு, தோல் உரிக்கிறத, கூடு கட்டுறத, வெளிய வர்றத எல்லாம் பாத்து பாத்து வரைஞ்சாங்க. சில சமயம் கூட்டுப்புழுவுக்குள்ள இருந்து பட்டாம்பூச்சி வராம சின்ன சின்ன ஈ கூட்டமா வந்துச்சு, அதையும் விடாம எழுதி வச்சிருக்காங்க! 1679ல வந்த கம்பளிப்பூச்சி புத்தகத்துல முட்டை, புழு, கூடு, பறக்குற பூச்சி, அது திங்கிற செடி எல்லாமே ஒரே பக்கத்துல இருக்கும். ஒருத்தரோட எல்லா வயசு போட்டோவையும் ஒரே சுவத்துல மாட்டி வச்ச மாதிரி. என்னைய கேட்டா இவங்களோட பெரிய சாதனை இந்த ஒரு பக்கம்தான். எந்த உயிர் எந்த செடிய நம்பி வாழுதுங்கிறத ஒரே பார்வையில காட்டிட்டாங்க.

1699ல 52 வயசு. தன்னோட ஓவியங்கள வித்து காசு சேத்து, இளைய பொண்ணு டொரோத்தேயாவ கூட்டிக்கிட்டு, தென் அமெரிக்காவுல டச்சுக்காரங்க கையில இருந்த சூரினாமுக்கு கப்பல் ஏறிட்டாங்க. அங்க இருந்த தோட்ட முதலாளிங்களுக்கு கரும்பத் தவிர வேற நினைப்பே கிடையாது, புழு தேடி வந்த இவங்கள கிண்டல் பண்ணாங்களாம், இத அவங்களே எழுதியிருக்காங்க. ரெண்டு வருஷத்துல உடம்பு ரொம்ப முடியாம போய் 1701ல திரும்பினாங்க. கொண்டு வந்தத வச்சுதான் 60 படத்தோட அந்த பெரிய சூரினாம் புத்தகம், சொந்தமா வெளியிட்டது.

இப்ப நம்ம சிலந்திக்கு வருவோம், அது 18ஆவது படம். 1834ல லான்ஸ்டவுன் கில்டிங்னு ஒரு பாதிரியார் இந்த புத்தகத்த படம் படமா எடுத்து குறை சொல்லி எழுதின கட்டுரை அச்சாச்சு. இதுல என்னன்னா அவர் சூரினாமுக்கு போனதே கிடையாது! அப்புறம் ஹென்றி பேட்ஸ் அமேசான் காட்டுல வருஷக்கணக்கா சுத்திட்டு வந்து 1863ல எழுதுறார்: ஒரு மரத்துல பெரிய சிலந்தி, கிழிஞ்ச வலையில ரெண்டு குட்டிப் பறவை, ஒண்ணு செத்துப்போச்சு, இன்னொண்ணு சிலந்தி உடம்புக்கு அடியில குத்துயிரா கிடக்குது. முடிஞ்சுது விவாதம். அந்த சிலந்தி இனத்துக்கு இன்னைக்கும் அவிகுலேரியான்னுதான் பேரு (லத்தீன்ல 'அவிகுலா'ன்னா குட்டிப் பறவை), அதுக்கு காரணமே இவங்க படம்தான்.

அதுக்காக இவங்க எழுதினது எல்லாமே சரின்னு சொல்ல மாட்டேன். லாந்தர் பூச்சியோட தலை நெருப்பு மாதிரி எரியும்னு எழுதினாங்க, அது எரியாது. அதே சிலந்தி படத்துல ரெண்டு வகை எறும்போட குணத்த ஒண்ணா கலந்துட்டாங்க.

[திரையில்: 45ஆவது படம், சிவப்பும் மஞ்சளுமா பூ]

இந்த பூவ பாத்ததும் உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், நம்ம ஊர் காம்பவுண்டு சுவர் ஓரமா பூக்குற மயில்கொன்றைதான். இதுக்கு கீழ அவங்க எழுதினத படிச்சிட்டு நான் ரொம்ப நேரம் அடுத்த பக்கம் திருப்பல. டச்சு முதலாளிங்க கிட்ட அடிமையா இருந்த பெண்கள் இந்த செடியோட விதைய சாப்பிட்டு கருவ கலைச்சாங்க, தங்க பிள்ளைங்களும் அடிமையா பிறக்கக்கூடாதுன்னு. இத அந்த பெண்களே தன்கிட்ட சொன்னதா மேரியன் எழுதுறாங்க. ஒரு பூச்சி புத்தகத்துல, 1705ல, இது அச்சாயிருக்கு. அதே சமயம் ஒண்ண மறைக்கக்கூடாது, காட்டுல இவங்களுக்கு வழி வெட்டிக் குடுத்ததும் அடிமைகள்தான், செடி கொடி பத்தின நிறைய விவரம் அவங்க கிட்ட இருந்தும் அந்த மண்ணோட பூர்வகுடிங்க கிட்ட இருந்தும் வந்ததுதான். படத்துல கையெழுத்து மேரியனோடது மட்டும்.

1717 ஜனவரி 13 ஆம்ஸ்டர்டாம்ல இறந்துட்டாங்க. அதே சமயத்துல ரஷ்ய மன்னர் பீட்டருக்காக அவரோட டாக்டர் இவங்க ஓவியங்கள நிறைய வாங்கிட்டார். டொரோத்தேயாவும் அப்புறம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய், பீட்டர் ஆரம்பிச்ச மியூசியத்துக்கு வரைஞ்சுகிட்டு அங்கயே இருந்துட்டாங்க. யூரோ வர்றதுக்கு முன்னாடி ஜெர்மனியோட 500 மார்க் நோட்டுல இருந்த முகம் நம்ம மேரியனோடது.

சூரினாம் புத்தகம் முழுசா ஸ்கேன் பண்ணி நெட்ல ஃப்ரீயாவே கிடைக்குதுங்க. போன்ல வேணாம், பெரிய ஸ்க்ரீன்ல ஜூம் பண்ணி பாருங்க, அந்த எறும்பு காலெல்லாம் தனித்தனியா தெரியும். உங்களுக்கு எந்த படம் பிடிச்சுதுன்னு நம்பரோட கமெண்ட்ல போடுங்க, டொரோத்தேயா பத்தி தனி வீடியோ வேணும்னாலும் சொல்லுங்க, நான் ரெடி.