கொக்கின் தலையில் வெண்ணெய்

(உலக ஈரநில தின ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

தலைமை வகிக்கும் வாசிகசாலைத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வருகை தந்து, இறுதிவரை இருப்பதாக வாக்களித்திருக்கும் பிரதேச செயலர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஆலய தர்மகர்த்தா சபையினரே, முழங்கால் நோவோடும் படியேறி வந்திருக்கும் எங்கள் ஓய்வுநிலை அதிபர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். அதிபர் ஐயாவிடம் நான் எட்டாம் வகுப்பில் புவியியல் படித்தவன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரம் முழுவதையும் சோக்கட்டியைக் கரும்பலகையிலிருந்து எடுக்காமல் ஒரே கோட்டில் வரைந்த கை அவருடையது. அந்தக் கோட்டுக்குள் அன்று இருந்த குளங்களைப் பற்றிப் பின்னர் பேசுவேன்.

1971ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் ஈரானின் ராம்சார் நகரில், குளம், சதுப்பு, நீரேரி போன்ற ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை கைச்சாத்தானதை நினைவுகூரவே கூடியிருக்கிறோம். அந்த நிலங்களை நம்பி வாழும் பறவைகளை எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது, அவற்றைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என மூன்று விடயங்களை நான் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள்.

எங்கே என்பதற்கு யாழ்ப்பாணத்தவர் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் ஒரு சைக்கிளில் போனாலே போதும். பொன்னாலையிலிருந்து காரைநகர் செல்லும் பாதை, அரியாலைக் கரை, தொண்டைமானாற்று நீரேரி எல்லாமே நல்ல இடங்கள். மாரி தொடங்கி வாடைக்காற்று வீசும் நாட்களில், மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடியான இந்தத் தீவுக்கு ஊசிவால் வாத்துகளும் கருவால் மூக்கன்களும் உள்ளான்களும் வந்திறங்குகின்றன. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது.

எப்படி என்பதற்கு என் பாட்டனாரின் பழமொழி ஒன்றே போதும். கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்து, அது வெயிலில் உருகிக் கண்ணை மறைக்கும்போது பிடிக்கலாம் என்று ஒருவன் திட்டமிட்டானாம். தலையில் வெண்ணெய் வைக்கும் அளவுக்குக் கிட்டப் போக முடிந்தவன் அப்போதே பிடித்திருக்கலாமே என்பது அவனுக்குத் தோன்றவில்லை. கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு பூநாரைக் கூட்டத்தை நோக்கிச் சேற்றில் நடப்பவர்களும் இந்த வகையினரே. கூட்டம் எழுந்து பறந்தபின் அவர்களுக்குக் கிடைப்பது வெறும் வானத்தின் படம். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, வடிகட்டித் தின்னும் பறவை. அதன் சிவப்பு நிறமே அது தின்னும் பாசியிலிருந்தும் சிறு நீருயிர்களிலிருந்தும் வருவது. அதை எழுப்பிப் பறக்கவிடும் ஒவ்வொரு முறையும் அது தின்று சேர்த்த பலத்தை வீணாக்குகிறோம். சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டு, மங்கிய நிற உடுப்போடு ஓரிடத்தில் அசையாமல் இருந்தால் பறவைகள் தாமாகவே கிட்ட வரும்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். போர் முடிந்து மூன்றாம் வருடம், தை மாதத்து விடியற்காலையில், தீவகத்துக் கரையொன்றில் மேடான இடமாகப் பார்த்து, முக்காலியில் தொலைநோக்கியைப் பூட்டிக் குனிந்து நின்றேன். பின்னால் ஒரு குரல்: “ஆர் தம்பி உன்னை அளக்க அனுப்பினது?” திரும்பினால் எண்பது வயதுக்குக் குறையாத ஓர் ஆச்சி, கையில் பொல்லோடு நின்றார். நான் நில அளவையாளன் அல்ல என்று சொல்ல வாய் திறப்பதற்குள், காணி உறுதியை எடுத்துவரப் பேத்தியை அனுப்பிவிட்டார். உறுதி வந்தது, அதன் பின்னாலேயே பக்கத்து வளவுக்காரர் தம்முடைய உறுதியோடு வந்தார். யாழ்ப்பாணத்து வேலி வழக்கு எத்தகையது என்பதை இந்த மண்டபத்தில் விளக்க வேண்டியதில்லை. இங்கிருப்போரில் பாதிப்பேர் வழக்காளிகள், மீதிப்பேர் அவர்களின் சட்டத்தரணிகள். இரண்டு உறுதிகளுக்கும் நடுவில் அகப்பட்ட நான், வேறு வழியின்றி ஆச்சியைத் தொலைநோக்கிக்குள் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இது பூநாரையெல்லோ. இதைப் பாக்கவோ இவ்வளவு சாமானும் காவிக்கொண்டு வந்தனி? உனக்குக் கண் தெரியாதோ?” என்றார். வளவுக்காரரும் பார்த்தார். பிறகு இருவரும் ஒருமிக்கச் சொன்னார்கள், முந்தி மாரிக்கு நாரையும் வாத்தும் தங்கள் குளத்துக்குள்ளேயே வந்து கிடக்கும் என்று. அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விடயம் அதுதான். குளம் எங்கே என்று கேட்டேன். ஆச்சி பொல்லால் என் காலடியைத் தட்டிக் காட்டினார். கட்டட இடிபாடுகள் கொட்டி நிரப்பிய குளத்தின் மேலேதான் நான் ஏறி நின்றிருந்தேன்.

அன்று முதல் நான் எந்த மேடையில் ஏறினாலும் குளத்தையே பேசுகிறேன். தலைவர் அவர்கள் பொறுத்தருள்க. வற்றாத ஆறு ஒன்றுமில்லாத குடாநாடு இது. மாரியில் விழும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அதையே நாம் கிணற்றில் அள்ளுகிறோம். அந்த மழையைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும் வாய்தான் குளம். கரையோரச் சேற்றில் நீர் ஏறும்போது உள்ளான்கள் ஒதுங்குவதும் குளத்தங்கரைகளிலும் தரவைப் புல்வெளிகளிலுமே. குளத்தைத் தூர்த்து, வெள்ளத்தை வாய்க்கால் வெட்டிக் கடலுக்குத் துரத்தி, கிணறு உவர்த்தபின் பவுசரில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதுதான் கொக்கின் தலையில் வெண்ணெய் வைக்கும் வேலை.

ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்த ஈரநிலங்கள் இலங்கையில் ஆறு உள்ளன. நமக்கு மிக அண்மையில் இருப்பது 2010இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வங்காலை. குடாநாட்டுக்குள் ஒன்றும் இல்லை. கொழும்பு மாநகரமோ 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தையே பெற்றுவிட்டது. நம்மிடம் இவ்வளவு பரவைக்கடலும் பறவையும் இருக்க, சில ஊர்களில் நாற்சந்தியில் சீமெந்துக் கொக்கு கட்டப் பணம் ஒதுக்குகிறார்கள். அதன் தலையிலாவது வெண்ணெய் வைப்பது சுலபம்.

சட்டத்தைப் பற்றிய மூன்றாவது விடயத்துக்கு நேரம் இல்லை என்று தலைவர் மணியடித்துக் காட்டுகிறார். பிரதேச செயலர் அவர்கள் இருக்கும்போதே ஒரு விண்ணப்பம்: இப்பிரதேசக் குளங்கள் ஒவ்வொன்றுக்கும் எல்லைக்கல் நட்டு, அதன் பெயரையும் பரப்பையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஆச்சியின் குளத்துக்கு ஒரு கல் இருந்திருந்தால் நான் அதன் மேல் ஏறி நின்றிருக்க மாட்டேன். விண்ணப்பத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்து வைத்துச் செல்லுங்கள். பேனையைக் கயிற்றில் கட்டியிருக்கிறோம், சென்ற முறை வைத்த பேனை திரும்பி வரவில்லை. ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குப் பண்ணைப் பாலத்தடியில் நிற்பேன், வர விரும்பும் பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.