டேக் மாற்றினால் பேஸ் வருமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். கம்ப்யூட்டர் பாட்டை மின்னழுத்தமாக மாற்றும் டேக் (DAC) பற்றியும், பேஸ் (bass) என்கிற தாழ்ந்த ஒலி பற்றியும் இந்த வாரம் வந்த கேள்வி ஒன்று என்னை விடவே இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். படிக்கிறேன், கேளுங்கள்.

"சார், கம்ப்யூட்டரிலிருந்து யூஎஸ்பி வழியாக ஒரு சின்ன டேக், அதிலிருந்து ஆம்ப்ளிஃபயர், ஆறரை அங்குல ஊஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. அறை 12-க்கு 10 அடி, தளமும் 10 அடி உயரம். அறையின் நட்ட நடுவில் நாற்காலி போட்டுக் கேட்கிறேன். இளையராஜா பாட்டுதான் அதிகம். பேஸ் கிதார் மெலிந்து கேட்கிறது, திடீரென்று ஏதோ ஒரு சுரம் மட்டும் வந்து முட்டுகிறது. 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆர்-டூ-ஆர் டேக் வாங்கினால் பேஸ் கனமாகும் என்கிறார்கள். அதை வாங்கவா, ஈஎஸ்எஸ் சிப் உள்ள நல்ல டேக்குக்குப் போகவா?"

இது வழக்கமாக வருகிற கேள்விதான். ஆனால் கடைசியில் இன்னொரு வரி எழுதியிருக்கிறார்: "என் மனைவி மட்டும் பின்பக்கக் கதவருகே நின்று கேட்டுவிட்டு, பேஸ் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறாள்."

அந்த வரியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த அம்மா சொன்னதில்தான் பதிலே இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. பாட்டு கம்ப்யூட்டரில் எண்களாக இருக்கிறது. சிடி தரம் என்றால் இடது, வலது ஒவ்வொரு சேனலுக்கும் நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வோர் எண்ணும் 16 பிட். அந்த எண்களை மின்னழுத்தமாக மாற்றித் தருவது டேக். அவ்வளவுதான் அதன் வேலை.

ஆர்-டூ-ஆர் என்பது மின்தடைகளை ஏணி வடிவில் அடுக்கிச் செய்கிற டேக். இரண்டே மதிப்புகள், ஒன்று மற்றதன் இரு மடங்கு. படிக்க எளிமையாக இருக்கும், செய்வது கடினம். 16 பிட்டுக்கு 65,536 படிகள் வேண்டும். உச்சியில் இருக்கிற பிட்டின் மின்தடை ஒரு துளி பிசகினாலும், கீழே இருக்கும் நுட்பமான படிகள் அந்தப் பிசகுக்குள் மூழ்கிப் போகும். 0.01 சதவீதத் துல்லியமுள்ள மின்தடை விலை கூடிய சரக்கு. அதுவே 10,000-இல் ஒரு பங்குத் துல்லியம்தான், அதாவது சுமார் 13 பிட். டெல்டா-சிக்மா சிப்புகள், ஈஎஸ்எஸ் நிறுவனத்தினுடையது ஆனாலும் ஏகேஎம் நிறுவனத்தினுடையது ஆனாலும், வேறு வழியில் போகின்றன. கொஞ்சம் படிகளை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றை மிக வேகமாக மாற்றி, அதனால் வருகிற இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிடுகின்றன.

அப்படியானால் ஆர்-டூ-ஆர் "கனமாக" இருக்கிறது என்று ஏன் இத்தனை பேர் சொல்கிறார்கள்? பொய் சொல்லவில்லை. இந்த டேக்குகளில் பலவற்றை ஓவர்சாம்ப்ளிங் (எண்களின் வேகத்தைப் பல மடங்கு ஏற்றுவது) இல்லாமல் ஓட்டலாம். அப்படி ஓட்டினால், சிடி தரப் பாட்டில் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் முக்கால் டெசிபலும் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபலுக்குச் சற்று மேலும் குறையும். ஜால்ரா, ஹைஹாட் எல்லாம் கொஞ்சம் மழுங்கும். மேலே குறைந்ததைக் காது கீழே கூடியதாக எடுத்துக்கொள்கிறது. பேஸ் அப்படியேதான் இருக்கிறது. அந்த மழுங்கல் பிடித்திருந்தால் ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் குறையுங்கள், காசு மிச்சம்.

டேக் பெரிய தலைவலியாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1982-இல் சிடி வந்தபோது சோனியின் முதல் பிளேயரான சிடிபி-101-இல் இரண்டு சேனலுக்கும் சேர்த்து ஒரே டேக்தான். இடது, வலது, இடது, வலது என்று மாறி மாறி வேலை செய்யும். பிலிப்ஸின் கையில் இருந்ததோ 14 பிட் சிப். 16 பிட் சிடிக்கு 14 பிட் சிப்! அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எண்களை நான்கு மடங்கு வேகத்துக்கு ஏற்றி, இரைச்சலை மேலே தள்ளி, அந்த 14 பிட் சிப்பிலிருந்தே 16 பிட் தரத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் கதை இது. எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. இன்றைய டெல்டா-சிக்மா சிப்புகள் அந்த யோசனையைத்தான் பல மடங்கு முன்னே கொண்டுபோயிருக்கின்றன. அமெரிக்காவில் ஆப்பிள் 9 டாலருக்கு விற்கிற டைப்-சி ஹெட்ஃபோன் அடாப்டருக்குள் ஒரு டேக் இருக்கிறது. சிடி கேட்கத் தேவையான சுத்தத்தை அதுவே தந்துவிடுகிறது. அன்றைய தலைவலி இன்று தீர்ந்துவிட்டது, அதைக் கொண்டாடத்தான் வேண்டும்.

"ஆனால் நான் கடையில் கேட்டேனே, விலை கூடிய டேக்கில் வித்தியாசம் தெரிந்ததே" என்று பலர் எழுதுவீர்கள். தெரிந்திருக்கும். மல்டிமீட்டர் வைத்துக் காட்டிய காணொளியைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். இருந்தாலும் மறுபடி சொல்கிறேன். சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிடாதீர்கள்.

நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியிருந்தோம். இரண்டு டேக், ஒன்று மற்றதைப்போலப் பல மடங்கு விலை. எல்லாரும் ஒருமனதாக விலை கூடியதைத்தான் சொன்னார்கள். பாடகியின் மூச்சு கேட்கிறது, தம்பூரா தனியாகத் தெரிகிறது என்றெல்லாம். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வாங்கி வந்து, 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு அளந்தோம். ஒன்று 2 வோல்ட் தருகிறது, மற்றது 2.5 வோல்ட். கிட்டத்தட்ட 2 டெசிபல் வித்தியாசம். அவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் காது "சத்தம் அதிகம்" என்று சொல்லாது, "தெளிவு அதிகம்" என்றுதான் சொல்லும். சமப்படுத்திவிட்டு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டபோது யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஏன் 100 ஹெர்ட்ஸ் என்றால், சாதாரண மல்டிமீட்டர் நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸை அளக்கச் செய்தது. அதையொட்டிய அதிர்வெண்ணில்தான் அதை நம்பலாம். இரண்டுக்கும் இடையே 0.1 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

இது எங்கள் வீட்டுக்கூடச் சோதனை. முறைப்படி செய்ததும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் வட்டாரத்தில் மேயர், மோரன் என்ற இருவர் செய்த சோதனை 2007-இல் ஆடியோ பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ போன்ற உயர்தரப் பதிவுகளை நேராகவும், நடுவில் 16 பிட் சிடி தர எண்களாக்கி இன்னொரு டேக் வழியாக மறுபடி ஒலியாக்கியும் கேட்க வைத்தார்கள். கேட்டவர்களில் ஒலிப்பதிவுத் துறையினரும் இருந்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276. நாணயம் சுண்டினாலும் அதுதான் வரும். மிகப் பெரிய சத்தத்தில், பாட்டு இல்லாத இடத்தில் மட்டும் இரைச்சல் வித்தியாசம் தெரிந்தது.

அப்படியானால் டேக் மாற்றவே வேண்டாமா என்றால், மாற்ற வேண்டிய இடங்கள் இருக்கின்றன. மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் கிர்ரென்று கேட்கிறதா, மாற்றுங்கள். ஆம்ப்ளிஃபயரோடு இணைத்ததும் ஊம் என்று ரீங்காரம் வருகிறதா, ஆப்டிக்கல் இன்புட் உள்ள டேக் எடுங்கள். ஆப்டிக்கல் கேபிளில் போவது வெளிச்சம்தான், அதனால் ரீங்காரம் தருகிற கிரவுண்ட் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகள் சேர்ந்து உண்டாக்கும் மின்சுற்று) அதன் வழியாக உண்டாகாது. டிவியையும் சேர்த்து இணைக்க வேண்டும், ரிமோட் வேண்டும் என்றாலும் நியாயம். ஹெட்ஃபோனில் சத்தம் போதவில்லை என்றால் அது ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரின் விஷயம், டேக் சிப்பின் விஷயமல்ல. இன்னொன்று, உச்ச சத்தத்துக்கு அழுத்தி மாஸ்டர் செய்த புதுப் பாட்டுகள் சில டேக்குகளின் ஃபில்டரில் முட்டிக் கரகரக்கும். கம்ப்யூட்டரில் சத்தத்தை 3 டெசிபல் குறைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நம் பாளையங்கோட்டை நேயருக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. இரைச்சல் இல்லை, ரீங்காரம் இல்லை. பேஸ்தான் இல்லை. அதனால் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன்: நாற்காலியில் இல்லாத பேஸ் கதவருகே எப்படி இருக்கிறது?

டேக் ஒன்றுதான். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், பாட்டு எல்லாம் அதேதான். ஆள் நிற்கிற இடம் மட்டும் வேறு. அப்படியானால் பேஸ் ஸ்பீக்கரிலிருந்து வெளியே வந்துவிட்டது. வந்த பிறகு அறை அதை நாற்காலிக்குக் கொடுக்காமல் கதவருகே கொண்டுபோய்க் கொடுக்கிறது.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நீளவாக்கில் மெல்ல ஆட்டிப் பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் தண்ணீர் ஏறி ஏறி இறங்கும். நட்ட நடுவில் மட்டம் அசையாது. அறைக்குள் காற்றழுத்தமும் அப்படித்தான் ஆடுகிறது. 12 அடி நீளத்துக்கு அந்த ஆட்டம் வருவது 47 ஹெர்ட்ஸ் பக்கம். 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ். உயரமும் 10 அடி என்பதால் அதே 56 இன்னொரு முறை. இப்போது பேஸ் கிதாரை எடுங்கள். அதன் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், அடுத்த தந்தி 55. ராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிதார் தாளத்துக்குத் துணையாக நிற்பதில்லை, தானே ஒரு மெட்டாக ஓடும். அந்த ஓட்டத்தின் அடிப்பகுதி முழுக்க, இந்த அறை தன் நடுவில் அழுத்தம் இல்லாமல் வைத்திருக்கிற பகுதியில் வந்து விழுகிறது. நம் நேயர் நாற்காலி போட்டிருப்பதும் அதே நடுவில். மெலியாமல் என்ன செய்யும்?

ஒரு சுரம் மட்டும் வந்து முட்டுகிறது என்றாரே, அதுவும் இதில் அடங்கும். நீளத்தின் இரண்டாவது ஆட்டம் 94 ஹெர்ட்ஸ். அதற்கு நடுப்புள்ளியில் அழுத்தம் உச்சம். பேஸ் கிதாரின் மிக மெல்லிய தந்தி 98. அந்தப் பக்கம் விரல் போகும்போதெல்லாம் அறை முட்டும். அவர் எழுதியிருக்கிற இரண்டு குறைகளும் ஒரே நாற்காலியிலிருந்து வருகின்றன. அந்த அம்மா நின்ற பின்சுவர் ஓரத்தில் நீளவாக்கில் வருகிற இந்த இரண்டு ஆட்டமும் உச்சத்தில் இருக்கும். அவர் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இன்று இரவே செய்து பாருங்கள். நாற்காலியை ஒன்றரை அடி பின்னால் தள்ளுங்கள். காதுக்கும் பின்சுவருக்கும் நாலரை அடி இடைவெளி வரட்டும். அங்கே 47 கொஞ்சம் உயிர் பெறும், 94-இன் முட்டல் கொஞ்சம் இறங்கும். பிறகு அரை அடி முன்னே, அரை அடி பின்னே என்று தேடுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் (ஒரே அதிர்வெண்ணில் ஒலி எழுப்புவது) போட்டு, போனை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, 40-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றிக்கொண்டே அறைக்குள் நடந்து பாருங்கள். எங்கே பொங்குகிறது, எங்கே காணாமல் போகிறது என்று நீங்களே திகைப்பீர்கள். சத்தம் குறைவாக வையுங்கள், தொடர்ந்து வரும் டோன் ஊஃபரைக் கெடுத்துவிடும்.

ஈக்வலைசரில் 47-ஐத் தூக்கி நிரப்பலாமே என்று அடுத்து கேட்பீர்கள். முடியாது. 10 டெசிபல் தூக்கினால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு வாட் தள்ள வேண்டும். தள்ளியது நடுவில் மறுபடி இல்லாமல் போகும், ஊஃபர்தான் திணறும். முட்டுகிற 94-ஐ ஈக்வலைசரில் குறைக்கலாம், அது நன்றாக வேலை செய்யும்.

குரல் தெளிவு வேண்டுமென்றால் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையே பக்கச் சுவரில் ஓர் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். மொசைக் தரையும் பூசிய சுவரும் எதிரொலிப்பதை அது தணிக்கும், பேஸை ஒன்றும் செய்யாது.

அந்த 40,000 ரூபாயை அப்படியே வைத்திருங்கள். நாற்காலி நகர்ந்த பிறகும் அடியில் போதவில்லை என்றால் அளவெடுக்கிற மைக் ஒன்று வாங்கி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் வரைபடம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்து சப்ஊஃபரா, வேறு ஸ்பீக்கரா என்று பேசலாம். ஸ்பீக்கரில் சத்தமாக பேஸ் ஓடும்போது 1 சதவீதச் சிதைவு சாதாரணம். உங்கள் கையில் இருக்கும் சின்ன டேக்கிலோ 0.001 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆயிரம் மடங்கு சுத்தமான பொருளை மாற்ற 40,000 செலவழிக்க வேண்டாம். மைக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாற்காலியைத் தள்ளிப் போட்டு இருவரும் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதுங்கள். உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

சரி, அடுத்த கேள்வி.