5 நூலில் 35 நிறம்: கம்பளத்தில் நிறத்தை எப்படிக் கூட்டுகிறார்கள்?

[திரையில்: சிவப்புக் கம்பளம். கமரா மேலிருந்து மெல்லக் கீழே இறங்குகிறது]

சரி, இந்தக் காபட்டைப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் மாதுளம்பழத் தோல் மாதிரி ஒரே சிவப்பு. இப்போது கமரா கீழே போகிறது, இன்னும் கீழே, தரையோடு ஒட்டி. எங்கே அந்தச் சிவப்பு? கடும் சிவப்பில் ஒரு நூல், அதற்குப் பக்கத்தில் கபில நிறத்தில் ஒரு நூல், அங்கங்கே கறுப்பு. மாதுளை நிறத்தில் ஒரு நூல்கூட இல்லை!

இதை நான் முதலில் கவனித்தது எங்கள் பக்கத்துப் பள்ளிவாசலில். தொழுகை முடிந்து சும்மா உட்கார்ந்திருந்த நேரம், கை வைத்த இடத்தில் பார்த்தால் நிறம் பிரிந்து பிரிந்து தெரிந்தது. நான் இலங்கையில் கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனைக்காரன், வீட்டில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவன், அப்படியிருந்தும் கம்பளம் என்றால் வேண்டிய ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நூலைச் சாயம் போட்டு வைத்திருப்பார்கள் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அது பிழை. ஏன் பிழை, பிறகு அத்தனை நிறமும் எங்கிருந்து வருகிறது, அதுதான் இந்த வீடியோ. எங்கள் பக்கம் ரோட்டுக்குப் போடுவதும் காபட்தான் என்பதால், இனி குழப்பமில்லாமல் கம்பளம் என்றே சொல்கிறேன்.

[திரையில்: கைத்தறி, சாரன் துணி]

முதலில் தெரிந்த இடத்திலிருந்து போவோம். சாரன் நெய்கிறபோது நீளமாக ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடு. பாவு நீலம், ஊடு சிவப்பு என்று வைத்தால் துணியில் நீலமும் தெரியாது, சிவப்பும் தெரியாது, ஆட்டினால் மினுங்குகிற ஓர் ஊதா வரும். மயில்கழுத்து என்கிறோமே, அந்த வகைதான் இது. யாரும் ஊதாச் சாயம் போடவில்லை. இரண்டு நூலும் மாறி மாறி மேலே வருகின்றன, மிச்ச வேலையைக் கண் செய்கிறது.

கம்பளத்தில் இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒரு நூல் சேர்கிறது. பாவும் ஊடும் அடியில் கிடந்து கட்டிப் பிடித்துக்கொள்ள, இந்த மூன்றாவது நூல் மேலே எழுந்து நிற்கிறது. இதை முடி என்று சொல்லிக்கொள்வோம். உங்கள் கால் படுவதும் கண்ணில் தெரிவதும் இந்த முடிதான். நிற வேலை முழுக்க இதில்தான்.

[திரையில்: தறிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான நூல் உருளைகள் மாட்டிய தாங்கி]

வில்டன் என்று ஒரு வகைக் கம்பளம், இங்கிலாந்தில் அந்தப் பெயருள்ள ஊரிலிருந்து வந்த பெயர். இதில் முடி நூலும் பாவு மாதிரியே நீளவாக்கில் ஓடும். 5 நிறம் வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் 5 நூல் தயாராக நிற்க வேண்டும். ஜக்கார்டு என்கிற பொறி, பிரான்சில் லியோன் நகரத்து நெசவுக்காரர் ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் கொண்டுவந்தது, அந்த ஐந்தில் எது மேலே வரவேண்டுமோ அதை மட்டும் தூக்கிவிடும். மற்ற நான்கும் என்ன ஆகும் தெரியுமா? கம்பளத்துக்கு உள்ளேயே படுத்துக் கிடக்கும். யார் கண்ணிலும் படாது. ஆனால் அதுவும் கம்பளி, அதற்கும் சாயக்கூலி உண்டு, காசு உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 அடி அகலம், அதாவது 144 அங்குலம். அங்குலத்துக்கு 7 முடி என்று வைத்தால் ஒரு வரிசைக்கு 1008 முடி. 5 நிறம் என்றால் தறிக்குப் பின்னால் 5040 உருளைகள். ஆறாவது நிறம் ஒன்று வேண்டும், பூவின் நடுவில் ஒரு சின்ன மஞ்சள் பொட்டுக்குத்தான் வேண்டும் என்றாலும், இன்னும் 1008 உருளை மாட்ட வேண்டும், கம்பளம் முழுக்க அந்த மஞ்சள் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் கம்பளத்து நிற வேலை ஏன் இப்படி வளர்ந்தது என்பது தானாகப் புரியும். நிறத்தைச் சேர்ப்பது கஷ்டம், இருக்கிற நிறத்தைப் பெருக்க வேண்டும்.

எப்படிப் பெருக்குவது? இரண்டு முடி அகலம், இரண்டு முடி நீளம், மொத்தம் நாலு முடி உள்ள ஒரு சின்னக் கட்டம் எடுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: நாலு கட்டம், நீலமும் பச்சையும் மாறி மாறி நிரம்புகின்றன]

நாலும் நீலம், அது நீலம். மூன்று நீலம் ஒரு பச்சை, அது பச்சை தட்டிய நீலம். இரண்டுக்கு இரண்டு, அது எங்கள் கடல் வெயில் நேரத்தில் காட்டுகிற நிறம். ஒன்றுக்கு மூன்று, நீலம் தட்டிய பச்சை. ஆக இரண்டு நூலுக்கு நடுவில் மூன்று புது நிறம். 5 நூலில் 10 சோடி எடுக்கலாம், சோடிக்கு மூன்று என்றால் 30, மூல நிறம் ஐந்தையும் கூட்டினால் 35. அதே 8 நூல் என்றால் 28 சோடி, 84 கலவை, மொத்தம் 92. மூன்று நூலைக் கலப்பதை நான் இன்னும் எண்ணவே இல்லை.

ஆனால் தாளில் வருகிற 35ம் தரையில் வராது. இது முக்கியம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். அங்குலத்துக்கு 7 முடி என்றால் ஒரு முடி கிட்டத்தட்ட மூன்றரை மில்லிமீற்றர். நின்று பார்க்கிற ஆளின் கண்ணுக்கு அந்த அளவு தனியாகத் தெரியும். நீலத்தையும் பச்சையையும் ஒரே அளவு வெளிச்சத்தில், அதாவது இரண்டும் ஒரே மாதிரி கடுமையாகவோ ஒரே மாதிரி வெளிறியோ எடுத்தால் அவை சேர்ந்துவிடும். வெள்ளையையும் கறுப்பையும் அப்படிக் கலந்தால் சாம்பல் வராது, அரிசியில் எள்ளைக் கொட்டினது மாதிரிப் புள்ளி புள்ளியாகத்தான் நிற்கும். நல்ல வடிவமைப்பாளர் ஐந்து நூல் தெரிவு செய்யும்போதே எது எதோடு கலக்கும் என்று பார்த்துத்தான் எடுப்பார், அழகான ஐந்து நிறம் என்று எடுக்கமாட்டார். இப்போது சதுர மீற்றருக்கு 10 இலட்சம் புள்ளி என்று விற்கிற மெசின் கம்பளங்களில் ஒரு புள்ளி ஒரு மில்லிமீற்றர்தான், அதனால் அவற்றில் நிழல், மடிப்பு, பூவிதழின் சாய்வு எல்லாம் போட்டோ மாதிரி வருகிறது.

பக்கத்தில் எது இருக்கிறது என்பதும் நிறத்தை மாற்றும். பாரிசில் கோபெலின் என்கிற அரச நெசவுக்கூடம், அங்கே சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷேல் யூஜீன் செவ்ரெல் என்கிற இரசாயன அறிஞர். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது, சரியில்லை என்று முறைப்பாடு வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் அந்தக் கறுப்பை வைத்து நெய்ததால்தான் அப்படித் தெரிந்திருக்கிறது. 1839இல் இதை ஒரு புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். அதன்பிறகு ஓவியர்களும் அதைப் படித்தார்கள். தொடக்கம் என்னவோ ஒரு நெசவுக்காரரின் முறைப்பாடுதான்.

இனி வேறு வழிகள். உள்ளே படுத்துக் கிடக்கிற நூலை இல்லாமலாக்க முடியாதா என்று நிறையப் பேர் மண்டையைக் குடைந்திருக்கிறார்கள். எடின்பரோவில் ரிச்சர்ட் விட்டொக் என்பவர் 1832இல் ஒரு வழி கண்டுபிடித்தார், எனக்கு இதுதான் ஆகப் பிடித்தது. ஐந்து நூல் எதற்கு, ஒரே நூலில் ஐந்து நிறத்தையும் பூசிவிடலாமே என்பதுதான் யோசனை. பெரிய உருளையில் நூலைச் சுற்றி, குறுக்கே பட்டை பட்டையாகச் சாயம் அடிக்க வேண்டும். இந்த இடத்தில் சிவப்பு, அடுத்து பச்சை, அடுத்து திரும்பவும் சிவப்பு. நெய்யும்போது நூல் மேலே வளைந்து எழுவதால் நீளம் சுருங்கும், அதனால் பூவை இழுத்து நீட்டி அடிக்க வேண்டும், நெய்து முடித்ததும் அது சரியான பூவாகச் சுருங்கி உட்காரும். எவ்வளவு சுருங்கும் என்று முதலே கணக்குப் போட்டு அடிப்பது, யோசித்துப் பாருங்கள்! விளிம்புகள் கொஞ்சம் கலங்கித்தான் தெரியும், ஆனால் வீணாகிற நூல் இல்லை. இன்றைக்கு ஒரே நூலில் இடையிடையே நிறம் மாற்றிச் சாயம் போட்டுவிட்டு, பூவே இல்லாமல் நெய்து தள்ளுகிற கம்பளங்கள் நிறைய இருக்கின்றன, ஹோட்டல்களில், ஒபீஸ்களில் தண்ணீரில் நெளிகிற மாதிரி நிறம் ஓடுமே, அந்த யோசனைக்குப் பக்கத்தில் வருகிறவைதான் அவை.

அக்ஸ்மின்ஸ்டர் வகையில் நூலை ஓடவிடுவதே இல்லை. ஒவ்வொரு முடியையும் தனித்தனியாகச் செருகி வெட்டிவிடும். ஒரு வகைத் தறியில் பறவையின் சொண்டு மாதிரி ஒரு பிடி, வேண்டிய நிறத்தைக் கவ்வி இழுத்து வைக்கும், வழக்கமாக 8 நிறம். இன்னொரு வகையில் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் உருளை, அந்த வரிசையில் என்ன நிறம் எந்த ஒழுங்கில் வருமோ அதே ஒழுங்கில் முன்கூட்டியே சுற்றி வைத்திருப்பார்கள். அதில் நிறத்துக்கு எல்லையே இல்லை, சுற்றுகிற வேலைதான் பெரிது.

வில்டனிலும் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. ஒரு நிறத்துக்கான 1008 உருளையும் ஒரே நிறமாக இருக்கவேண்டும் என்று சட்டமா? இந்த 50 உருளை மஞ்சள், அடுத்த 50 செம்மஞ்சள், அதற்கடுத்து இளஞ்சிவப்பு என்று மாற்றி மாட்டினால், ஐந்து அடுக்கிலேயே ஏழெட்டு நிறம் காட்டலாம். மஞ்சள் அதன் பாதையை விட்டு வெளியே போக முடியாது, அது மட்டும்தான் கட்டுப்பாடு. பூக்கள் நேர்கோட்டில் அடுக்கடுக்காகப் போகிற பழைய கம்பளத்தைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: மேசை மேல் இரண்டு துண்டுத் துணிகள், பக்கத்தில் சைக்கிள் ஸ்போக் கம்பி]

இது நானே செய்து பார்த்தது. தடித்த பருத்தி நூலை வாப்பாவின் பழைய தறியில் போட்டு, ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியின் மேல் வளைத்து வளைத்து நெய்தேன். ஒரே நூல், ஒரே சாயம், கரும்பச்சை. பாதியை வளையமாகவே விட்டேன், மற்றப் பாதியைச் சவர பிளேட்டால் வெட்டினேன். பாருங்கள். வெட்டின பக்கம் ஒரு படி கறுத்துத் தெரிகிறது. வளையத்தில் நூலின் பக்கவாட்டில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது, வெட்டினதில் நூல் முனைகளுக்கு நடுவே வெளிச்சம் உள்ளே இறங்கிப் போய்விடுகிறது. அப்படியென்றால் ஒரே ஒரு நிறத்தில் பூப்போடலாம், சாயமே மாற்றத் தேவையில்லை. பெரிய தறிகளில் இதே வேலையைக் கத்தி வைத்த கம்பியும் கத்தி இல்லாத கம்பியும் செய்கின்றன.

இந்த இரண்டாவது துண்டில் முறுக்கு. ஒரு இழை கபிலம், ஒரு இழை வெண்மஞ்சள், இரண்டையும் சேர்த்து முறுக்கினால் காய்ந்த பன் புல் மாதிரி ஒரு நிறம். பன் என்றதும் எனக்குப் பாய்தான் ஞாபகம் வருகிறது. பாய் இழைக்கிறவர்கள் பன்னைச் சாயத்தில் அவிக்கும்போது எல்லாக் கீற்றும் ஒரே அளவு சாயம் குடிக்காது, அந்த ஏற்ற இறக்கத்தில்தான் பாய்க்கு உயிர் வரும். கம்பளி நூலில் அந்த ஏற்ற இறக்கத்தை வேண்டுமென்றே கொண்டுவருகிறார்கள்: நூலாக நூற்பதற்கு முன்பே கம்பளியைப் பஞ்சு நிலையில் வேறு வேறு நிறத்தில் சாயம் போட்டு, கலந்து, பிறகு நூற்பது. அந்த நூலுக்குக் கிட்டப் போனால் பத்து நிறம் இருக்கும், தள்ளி நின்றால் ஒரு நிறம். அழுக்கும் அதில் சட்டென்று தெரியாது. செயற்கை நூல்களில் பொலிப்ரொப்பிலீன் சாயம் குடிக்கவே குடிக்காது, அதனால் உருக்கும்போதே நிறத்தைச் சேர்த்துவிடுகிறார்கள், நிறம் நூலின் உள்ளேயே இருப்பதால் வெயிலுக்கும் கழுவலுக்கும் நன்றாகத் தாங்கும்.

வேண்டாத ஏற்ற இறக்கமும் உண்டு. எனக்கு 12 வயது இருக்கும், வாப்பா 40 சாரனுக்கு நூல் சாயம் போட்டார். இடையில் சாயத்தூள் முடிந்துவிட்டது, அடுத்த நாள் வேறொரு பக்கற் வாங்கி வந்து அதே அளவு, அதே சூடு, அதே நேரம் வைத்துப் போட்டார். ஈரத்தில் வித்தியாசமே இல்லை. நெய்து விரித்தபோது சாரனின் குறுக்கே ஒரு கோடு, மேலே ஒரு மரூன் கீழே ஒரு மரூன். கடைக்காரர் ஒன்றையும் எடுக்கவில்லை. வாப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை, அந்தச் சாரன்களை எங்கள் வீட்டில் வருசக்கணக்காக உடுத்தினோம். கம்பளத்தில் இது இன்னும் மோசம், வில்டனில் முடி நூல் நீளமாக ஓடுவதால் ஒரே ஒரு உருளை வேறு சாயத் தொகுதியிலிருந்து வந்துவிட்டால்கூட சுருள் முழுக்க, தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு கீறல் மாதிரி ஓடும். அதனால் வீட்டுக்கோ பள்ளிவாசலுக்கோ கோயில் மண்டபத்துக்கோ கம்பளம் எடுத்தால் ஒரே தொகுதியில் எல்லாவற்றையும் எடுங்கள், பிறகு இரண்டு யார் வாங்கிச் சேர்க்கலாம் என்று விடவேண்டாம்.

எடுக்கும்போது இன்னொன்று. கடை விளக்கில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் நின்று பார்த்துவிட்டு, சுற்றிப் போய் மற்றப் பக்கமும் நின்று பாருங்கள். முடி சாய்ந்திருக்கிற பக்கமாகப் பார்த்தால் வெளிறியும், எதிர்ப்பக்கமாகப் பார்த்தால் கறுத்தும் தெரியும், இரண்டும் உங்களுக்குப் பிடிக்க வேண்டும். இரண்டு துண்டு அருகருகே விரிப்பதானால் இரண்டின் முடியும் ஒரே பக்கம் சாய வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று புதிது ஒன்று பழையது மாதிரி இருக்கும்.

[திரையில்: கை ஒன்று கம்பளத்தின் மூலையை மடக்குகிறது]

பிறகு இப்படி மூலையை மடக்கி, பின்பக்கம் பாருங்கள். பள்ளிவாசல் கம்பளத்தில் பொறுப்பானவரிடம் கேட்டுவிட்டு இதைச் செய்தேன். அதற்கு முன் நின்றபடி நிறங்களை எண்ணியிருந்தேன், இருபதைத் தாண்டிப் போனது. பின்பக்கத்தில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினால் எட்டு.