அழிச்சு அழிச்சு ஓட்டை விழுந்த பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை லீவையும் விட்டுட்டு இவ்வளவு டீச்சர்ஸ் வந்து உக்காந்திருக்கீங்க, முதல்ல அதுக்கு நன்றி. பசங்களை கிளாஸ்ல எப்படி மோட்டிவேட் பண்றதுன்னு பேசச் சொன்னாங்க. நான் இருபது வருஷத்துக்கு மேல அரசு நடுநிலைப் பள்ளியில ஆறு, ஏழு, எட்டுக்கு கணக்கு எடுக்கிறேன், எனக்குத் தெரிஞ்சது அந்த நாலு சுவருக்குள்ள நடக்கிறதுதான், அதை வச்சே பேசுறேன்.

ஒரு நோட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். ஏழாம் வகுப்பு, முழுக்கள் பாடம். மைனஸ் 3ல இருந்து மைனஸ் 5ஐக் கழிக்கணும். ஆறாவதுல இருந்தே கிளாஸ்ல வாயைத் திறக்காத ஒரு பொண்ணு, அவ நோட்டுல விடை மைனஸ் 8னு இருக்கு. தப்பு. சுழிக்கப் போனேன், அப்பதான் பார்க்கிறேன், அந்த இடத்துல பேப்பர் நைஞ்சு போய் கிடக்கு, ரப்பரைப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு ஓரத்துல ஓட்டையே விழுந்திருக்கு. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் சாய்ச்சுப் பிடிச்சா அடியில பென்சில் அழுத்தின தடம் லேசா தெரியுது. 2. அதான் சரியான விடை! எழுதிட்டு அழிச்சிருக்கா. ஏம்மா அழிச்சேன்னு கேட்டேன். ரொம்ப நேரம் தரையையே பார்த்துட்டு, "பக்கத்துல அவ மைனஸ் எட்டு போட்டிருந்தா டீச்சர், அவ நல்லா படிக்கிறவ"ன்னா.

இந்த மாதிரி பிள்ளையைப் பத்தி ஸ்டாஃப் ரூம்ல நாம என்ன சொல்வோம்? ஆர்வமே இல்ல டீச்சர், எத்தனை தடவை சொன்னாலும் ஏற மாட்டேங்குதுன்னுவோம். ஆனா அவ கணக்கைப் போட்டுட்டாளே. போட்ட கணக்கு மேல அவளுக்கு நம்பிக்கை இல்ல, அவ்வளவுதான். அது எங்க போச்சுன்னு தேட ஆரம்பிச்சேன், தேடினா என் கிளாஸ்லயேதான் வந்து நின்னேன்.

யாராவது சரியா சொன்னா வெரிகுட்னு சொல்லிட்டு அடுத்த கணக்குக்குப் போயிடுவேன். தப்பா சொன்னா மட்டும் "எப்படி வந்துச்சு?"ன்னு கேப்பேன். பசங்க நம்மளை விட கெட்டிக்காரங்க, டீச்சர் எப்படின்னு கேட்டாலே விடை தப்புன்னு மனசுல பதிஞ்சு போச்சு. வேணும்னா நாளைக்கு சரியா சொன்ன பையன்கிட்ட சும்மா "எப்படிப்பா?"ன்னு கேட்டுப் பாருங்க, அடுத்த செகண்ட் விடையை மாத்துவான். இது தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, எத்தனை வருஷமா எத்தனை பிள்ளைங்களை இப்படி அழிக்க வச்சேனோன்னு. இப்ப சரியா இருந்தாலும் கேக்கிறேன், தப்பா இருந்தாலும் கேக்கிறேன், ஒரே குரல்ல, ஒரே முகத்தோட. பழகுறதுக்கு மூணு மாசம் ஆச்சு.

இன்னொன்னு, காத்திருக்கிறது. அமெரிக்காவுல மேரி பட் ரோன்னு ஒரு அம்மா, அறிவியல் கல்வி ஆராய்ச்சியாளர், வகுப்புகளை டேப்புல பதிவு பண்ணிக் கேட்டு 1974ல எழுதியிருக்காங்க. டீச்சர் கேள்வி கேட்டுட்டு பதிலுக்காக நிக்கிற நேரம் சராசரியா ஒரு செகண்ட்தானாம்! அதை மூணு செகண்டுக்கு மேல நீட்டினா பிள்ளைங்க நீளமா பதில் சொல்றாங்க, தெரியாதுன்னு சொல்றது குறையுது, வழக்கமா பேசாத பிள்ளைங்களும் பேசுறாங்க. அதுவும் கேள்விக்கு அப்புறம் மட்டும் இல்ல, பிள்ளை பதில் சொல்லி முடிச்ச அப்புறமும் மூணு செகண்ட் நாம வாயைத் திறக்காம இருக்கணும், அப்பதான் அது மேல பேசும். கேக்க சின்ன விஷயமா இருக்கும், செஞ்சு பாருங்க, அந்த மூணு செகண்ட் மூணு நிமிஷம் மாதிரி இருக்கும், முன் பெஞ்சுல ரெண்டு பேரு மிஸ் மிஸ்னு கையைத் தூக்கிக் குதிப்பாங்க, போர்ஷன் முடியலயேன்னு உள்ளுக்குள்ள அடிச்சுக்கும். அப்பவும் நில்லுங்க. யோசிக்க நேரம் கேக்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த நேரத்தை நாமதான் கொடுக்கணும்.

ஸ்டார், சாக்லேட், பென்சில் பாக்ஸ் பத்தியும் சொல்லணும், எல்லாரும் செய்யறோம், நல்ல மனசோடதான் செய்யறோம். 1973ல ஸ்டான்ஃபோர்டு நர்சரி ஸ்கூல்ல லெப்பர், க்ரீன், நிஸ்பெட்னு மூணு பேரு ஒரு சோதனை பண்ணாங்க. ஏற்கனவே படம் வரையறதுல ஆசை இருந்த சின்னப் பிள்ளைங்களா எடுத்து, ஒரு குரூப்புக்கு மட்டும் வரைஞ்சா பரிசு உண்டுன்னு முன்னாடியே சொல்லிட்டு வரையச் சொன்னாங்க, அடுத்த வாரங்கள்ல பரிசே இல்லாம மார்க்கர் பேனாவை சும்மா வச்சா, அந்த குரூப் மத்தவங்க வரைஞ்சதுல கிட்டத்தட்ட பாதி நேரம்தான் வரைஞ்சிருக்கு. எதிர்பாராம பரிசு வாங்கின குரூப்புக்கு ஆசை குறையல. அதனால பரிசே கூடாதுன்னு நான் சொல்லல, தானா ஆசையா செய்யற வேலைக்கு முன்கூட்டியே விலை பேசாதீங்கன்னுதான் சொல்றேன். நோட்டுல ஸ்டார் போடற இடத்துல "ரெண்டாவது ஸ்டெப்ல குறி மாத்துனே பாரு, அது சரி"ன்னு ஒரு வரி எழுதுங்க, எதுக்காகப் பாராட்டுறோம்னு பிள்ளைக்குத் தெரியும்.

வயித்துப் பசியையும் மறந்துடக் கூடாது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல மதுரையில தொடங்கி 2023 ஆகஸ்டுல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு, ஆனா அது ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும்தான். ஆறாவதுக்கு வந்த பிள்ளை வெறும் வயித்தோட முதல் பீரியட்ல தலையைச் சாய்ச்சா சோம்பேறின்னு திட்டாதீங்க, சாப்பிட்டியான்னு கேளுங்க.

அந்தப் பொண்ணுக்கு வருவோம். கிளாஸ்ல ஒரு ரூல் போட்டேன், யாரும் ரப்பர் எடுக்கக் கூடாது. தப்புன்னு தோணுச்சுன்னா குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்துல புதுசா போடு, ரெண்டையும் நான் பார்ப்பேன். முதல் வாரம் பூரா முனகல், நோட்டு அசிங்கமாகுது மிஸ்னு. அவகிட்ட தனியா அட்வைஸ் எதுவும் பண்ணல, அவ பெஞ்சுப் பக்கம் போறப்ப கோடு போட்ட விடையைத் தொட்டு "இது எப்படி வந்துச்சு?"ன்னு கேப்பேன், காத்திருப்பேன், அவ சொல்லலன்னா சரிம்மா அப்புறம் சொல்லுன்னு நகர்ந்துடுவேன். இப்படியே ஆறேழு வாரம். ஒரு நாள் போர்டுல கணக்கு போட யாரு வர்றீங்கன்னு கேட்டுட்டு நிக்கிறேன், கடைசிக்கு முந்தின பெஞ்சுல இருந்து அவளே எந்திரிச்சு வந்தா. சாக்பீஸை வாங்கி போட்டா, தப்பு. கிளாஸ்ல ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க. என் கை டஸ்டர் பக்கம் போயிடுச்சு, அதுக்குள்ள அவ அந்த வரிக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "டீச்சர், பக்கத்துல இடம் இருக்கு, இன்னொரு தடவை போடறேன்"ன்னா.