ஒன்பது மாதம் நிரம்பாத பிள்ளைகள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். பெருந்தொற்றுக் காலமும் சின்னப் பிள்ளைகளும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். அந்தச் சின்னவர்களிலும் சின்னவர்களை, ஒரு வயதுகூட நிரம்பாதவர்களைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

கொரோனா வந்தபோது “பிள்ளைகளை அது ஒன்றும் செய்யாதாம்” என்ற கதை ஊரெல்லாம் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சல், தடிமன், அவ்வளவுதான். மிகச் சிலருக்கு மட்டும், தொற்று வந்து இரண்டு முதல் ஆறு கிழமைக்குள் மறுபடியும் கடும் காய்ச்சல், கண் சிவப்பு, வயிற்றுவலி என்று உடம்பு முழுக்க அழற்சி வந்தது. கைக்குழந்தையின் கணக்கு வேறு.

கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் சுமார் நான்கு மில்லிமீற்றர் அகலந்தான். சளிபிடித்து அதன் உட்புறம் சுற்றிவர ஒரு மில்லிமீற்றர் வீங்கினாலே காற்றுப் போகும் வழியில் முக்கால்வாசி அடைபட்டுவிடும். பெரியவர்களுக்கு அதே வீக்கம் ஒரு தொண்டைக் கரகரப்போடு போய்விடும். முதல் சில மாதங்கள் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கடைத்தால் பால் குடிக்காது, குடிக்காவிட்டால் கெதியாக உடம்பில் நீர் வற்றிவிடும்.

இன்னொன்று, நோயெதிர்ப்புச் சக்தி. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் இரத்தத்திலிருந்து, கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகின்றன. அதனால்தான் மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பங்கு குறைவு. 2021 இல் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொரோனாத் தடுப்பூசி போட்டபோது, வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் போட்டோம். தாய்ப்பாலிலும் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் தாய் கொடுத்துவிட்டது மாதம் போகப் போகக் குறைந்துகொண்டு வரும். பிள்ளையின் சொந்தச் சக்தியோ ஊசிகளாலும் நாட்களாலும் மெல்லத்தான் வளரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வெறுங்காலம் இருக்கிறது. தொற்று அங்கேதான் புகுந்துகொள்கிறது.

சின்னமுத்தை, அதாவது மீசில்ஸை, எடுத்துக்கொள்ளுங்கள். அது இலங்கையில் ஒழிந்துவிட்டது என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. 2023 இல் திரும்பி வந்துவிட்டது. நமது நாட்டில் அதற்கான முதல் ஊசி ஒன்பது மாதத்தில், இரண்டாவது மூன்று வயதில். நோய் வந்தவர்களில் அந்த ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகளும் கணிசமாக இருந்தார்கள். ஊசிக்குரிய வயது வராத பிள்ளை என்ன செய்யும்? சுற்றியிருக்கிற நாங்கள் ஊசி போட்டிருந்தால்தான் அதற்குப் பாதுகாப்பு.

வன்னிச் சனத்துக்கு நெரிசலும் தொற்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாமில் கொப்புளிப்பானும் செங்கண்மாரியும் வயிற்றோட்டமும் கூடாரம் கூடாரமாகப் பரவின. அந்தக் கூடாரங்களில் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று இளைஞர்கள். அவர்களில் சிலர் இனித் தாயாகவும் தகப்பனாகவும் ஆகப்போகிறவர்கள், இந்தப் பேச்சு அவர்களுக்கும்தான்.

பிள்ளை பிறந்த வீட்டில் 31 நாள் துடக்கு என்று நமது பெரியவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். காரணத்தை அவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள், சரி, இருக்கட்டும். அந்த நாட்களில் ஆட்கள் வந்து போவது குறையும், அது நல்லது. கரைச்சல் 31 முடிந்த பிறகுதான். பிள்ளை பார்க்க ஊரே வரும், கைமாறிக் கைமாறித் தூக்கும், கன்னத்தில் கொஞ்சும். தொற்றுக் காலத்தில் அதை மூன்று நான்கு மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். “மாமி, தடிமன் மாறட்டும், பிறகு வாங்கோ” என்று சொல்ல ஒரு இளம் தாய்க்குக் கூச்சமாக இருக்கும். வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ அதை முந்திச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பெரிய உதவி. தாய்க்கே தொற்று வந்தாலும் பாலை நிறுத்தக்கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுக்கலாம். குழந்தைக்கு மாஸ்க் வேண்டாம், மூச்சு முட்டும்.

எனக்கு மிகவும் வலிக்கிற விடயம் தவறிப்போன கிளினிக். 2021 இல் மட்டும் உலகம் முழுவதும் இரண்டரைக் கோடிப் பிள்ளைகளுக்கு, தொண்டைக்கரப்பான், குக்கல் என்கிற கக்குவான் இருமல், ஏற்புவலி ஆகியவற்றுக்கான ஊசிகள் முழுமையாகக் கிடைக்கவில்லை. கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்த பிள்ளைக்குக் குக்கல் வந்தால் என்ன பிரயோசனம்? இரண்டு, நான்கு, ஆறு மாத ஊசிகள் ஊரடங்கு வந்தாலும் கட்டாயம் வேண்டியவை.

இனி, வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய ஒரு சோதனை. பிள்ளைக்குச் சளியும் காய்ச்சலும் என்றால், அது அமைதியாக இருக்கிற நேரம் சட்டையை உயர்த்தி வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. போனில் நேரம் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், அரை நிமிடம் எண்ணி இரட்டிக்காதீர்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் மூச்சு வேகம் அதிகம். அப்படி இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்ப எழுப்பச் சோர்ந்து கிடந்தாலோ விடியட்டும் என்று இருக்க வேண்டாம். துணுக்காய்ப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ, கடைசி பஸ் போய்விட்டது என்றும் இருக்க வேண்டாம். 1990 இற்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

அப்புறம், ஊசி பிந்திப்போன தாய்மாருக்கு ஒரு சொல். மிஸ்ஸி, அதாவது உங்கள் குடும்பநல உத்தியோகத்தர், பேசுவா என்று பயந்து வராமல் இருக்காதீர்கள். முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவோம். அடுத்த கிளினிக் நாளுக்குப் பிள்ளையின் ஊசி விபரம் எழுதுகிற கொப்பியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.