ஹீமட்டோபேத்தாலஜி படிக்க அமெரிக்காவுக்குப் போக வேண்டுமா? டர்பனிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அடுத்த கேள்வி டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதித் தம்பி ஒருவர் அனுப்பியது. இன்டெர்ன்ஷிப் இரண்டு வருடம் முடித்துவிட்டு, இப்போது வடக்கு குவாசுலு-நட்டாலில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் கம்யூனிட்டி சர்வீஸில், அதாவது இன்டெர்ன்ஷிப்புக்குப் பிறகு செய்ய வேண்டிய கட்டாயப் பணியில், இருக்கிறார். “அக்கா, ஹீமட்டோபேத்தாலஜி ஃபெல்லோஷிப் ஒரே வருடம்தான் என்று அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா சொல்கிறார். இங்கிருந்தே விண்ணப்பிக்கலாமா? பயிற்சியில் என்ன செய்வார்கள்? நோயாளி முகத்தையே பார்க்க மாட்டோமா?” இவ்வளவையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். ஹீமட்டோபேத்தாலஜி என்றால் ரத்தம், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணு நோய்களை லேப்பில் கண்டுபிடிக்கிற துறை, ஃபெல்லோஷிப் என்பது சிறப்புப் பயிற்சிக்கு மேல் செய்கிற கூடுதல் பயிற்சி.

தம்பி, சித்தப்பா பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். ஒரு வருடம் என்பது சரி. ஆனால் அந்த ஒரு வருடத்துக்கு முன்னால் பேத்தாலஜி (நோயியல்) ரெசிடென்சி என்கிற ஆஸ்பத்திரிச் சிறப்புப் பயிற்சி இருக்கிறது, திசுக்களைப் பார்க்கிற உடற்கூற்று நோயியலும் ரத்தம் முதலியவற்றைச் சோதிக்கிற கிளினிக்கல் பேத்தாலஜியும் சேர்த்துப் படித்தால் நான்கு வருடம், ஒன்றை மட்டும் எடுத்தால் மூன்று. அந்த ரெசிடென்சிக்குள் நுழைய நீங்கள் யு.எஸ்.எம்.எல்.இ. என்கிற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகளை எழுத வேண்டும், வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் வாங்க வேண்டும், பயிற்சி இடங்களை ஒதுக்குகிற மேட்ச்சில் இடம் கிடைக்க வேண்டும். அந்தத் தேர்வின் முதல் ஸ்டெப்புக்கு (முதல் கட்டத்துக்கு) 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். அதனால் இரண்டாவது ஸ்டெப் மதிப்பெண்ணைத்தான் எல்லாரும் உற்றுப் பார்க்கிறார்கள். தேர்வுக் கட்டணமெல்லாம் டாலரில், உங்கள் சம்பளம் ராண்டில், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அங்கே ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிப்பது கடைசி வருடத்தில் செய்கிற வேலை இல்லை. சேர்வதற்கு ஒன்றரை, இரண்டு வருடம் முன்னாலேயே, அதாவது ரெசிடென்சியின் இரண்டாம் மூன்றாம் வருடத்திலேயே, ஆரம்பித்துவிடுவார்கள். உங்களோடு பக்கத்தில் உட்கார்ந்து ஸ்லைடு பார்த்த ஒரு ஹீமட்டோபேத்தாலஜிஸ்ட் எழுதுகிற பரிந்துரைக் கடிதம்தான் அதில் உயிர். பெரிய பேர் உள்ள பேராசிரியர் உங்களைத் தெரியாமல் எழுதுகிற நான்கு வரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வேறு நாட்டில் முழுப் பயிற்சி முடித்தவர்களை விதிவிலக்காக எடுக்கிற இடங்களும் உண்டுதான், ஆனால் அப்படிப் போய் வந்தால் ஸ்பெஷலிஸ்ட் சான்றிதழுக்கான அமெரிக்க போர்டு தேர்வு எழுதும் தகுதி தானாக வந்துவிடாது. சேரும் முன் அதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருவோம், நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். தென்னாப்பிரிக்காவில் இது பேத்தாலஜி முடித்த பிறகு ஒட்டுகிற ஒரு வருடம் கிடையாது. முதல் நாளிலிருந்தே ஹீமட்டாலஜி என்கிற தனிப் பிரிவு. கம்யூனிட்டி சர்வீஸ் முடிந்து, டாக்டர்களைப் பதிவு செய்கிற எச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலில் சுயேச்சையாகத் தொழில் செய்யும் பதிவு கையில் வந்ததும், ஹீமட்டாலஜி ரெஜிஸ்ட்ரார் (ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி டாக்டர்) வேலைக்கே நேராக விண்ணப்பிக்கலாம். நான்கு வருடப் பயிற்சி, சம்பளம் உண்டு. காலேஜஸ் ஆஃப் மெடிசின் நடத்துகிற எஃப்.சி.பாத் ஸ்பெஷலிஸ்ட் தேர்வின் முதல் பகுதி, இரண்டாம் பகுதி, கூடவே எம்.மெட். என்கிற முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வுக் கட்டுரை. ஆய்வு முடியாமல் ஸ்பெஷலிஸ்ட் பதிவு கிடையாது, பலர் தேர்வெல்லாம் பாஸ் செய்துவிட்டு இதில்தான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வேலைகள் பெரும்பாலும் தேசிய ஆய்வுக்கூடச் சேவையான என்.எச்.எல்.எஸ். வழியாகவும் பல்கலைக்கழகத் துறைகள் வழியாகவும் விளம்பரத்துக்கு வரும். இங்கே டர்பனில் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி ஆஸ்பத்திரி, கேப் டவுனில் குரூட் ஸ்கூர், டைகர்பெர்க், ஜோபர்கில் விட்ஸ் பல்கலைக்கழகம். எண்ணிக்கை குறைவு, காலியிடம் எப்போது வரும் என்று ஜோசியம் சொல்ல முடியாது, அதனால் துறைத் தலைவருக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் போட்டு, லீவில் ஒரு வாரம் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். வந்து பார்த்தவரை நேர்காணலில் எங்களுக்கு அடையாளம் தெரியும். “ஏன் லேப்?” என்று கேட்டால் “வார்டு வேலை அலுத்துவிட்டது” என்று மட்டும் சொல்லாதீர்கள். நிறையப் பேர் சொல்கிறார்கள்!

ஒரு முக்கியமான வித்தியாசம். அமெரிக்கப் பயிற்சியில் நிணநீர்க் கணு, மண்ணீரல் திசு எல்லாம் ஹீமட்டோபேத்தாலஜிஸ்ட் மேசைக்கு வரும், ரத்த வங்கிக்குத் தனி ஃபெல்லோஷிப். இங்கே தலைகீழ். எலும்பு மஜ்ஜை, ரத்த உறைவுச் சோதனைகள், ஃபுளோ சைட்டோமெட்ரி (செல்களை லேசர் ஒளியில் வகை பிரிக்கும் சோதனை), ரத்தம் ஏற்றும் சிக்கல்கள் எல்லாம் நம்மிடம். நிணநீர்க் கணு பயாப்சி (வெட்டியெடுத்த திசு) உடற்கூற்று நோயியல்காரர்களிடம் போகும். லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோயைத் திசுவிலேயே பார்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், உடற்கூற்று நோயியல் ரெஜிஸ்ட்ரார் வேலைக்கு விண்ணப்பியுங்கள், ஹீமட்டாலஜிக்கு வந்து நான்கு வருடம் ஏங்க வேண்டாம்.

நோயாளி முகம் பார்க்க மாட்டோமா என்றீர்கள். இங்கே ரெஜிஸ்ட்ரார்தான் மஜ்ஜை எடுக்கப் போக வேண்டும். இடுப்பு எலும்பின் பின்பக்கம், தோலிலும் எலும்பின் மேல்சவ்விலும் மரப்பு ஊசி போட்டாயிற்று, ஆனால் சிரிஞ்சை இழுக்கிற அந்த நொடியில் உள்ளே சுரீரென்று வருகிற வலிக்கு அந்த மருந்து எட்டாது. அதை முன்னாலேயே சொல்லி, “கோகோ, பெஃபுமுலா” என்று ஜூலுவில் பாட்டியை மூச்சுவிடச் சொல்லி, பிறகுதான் இழுக்க வேண்டும். சொல்லாமல் இழுக்கிறவர்களை நான் திட்டாமல் விட்டதில்லை. இழுத்த உடனே ஸ்லைடில் சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்த்தால் ரவை மாதிரித் துகள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது வெறும் ரத்தம், மஜ்ஜை வரவில்லை.

அப்புறம் மைக்ரோஸ்கோப். மஜ்ஜையில் 500 செல்களைக் கையாலேயே எண்ணுவது ஆரம்பத்தில் தண்டனை போலத் தோன்றும். எண்ணினால்தான் கண் பழகும், இதற்குக் குறுக்கு வழி நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஏதோ ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஸ்மியர் (ஸ்லைடில் தடவிய ரத்தம்) வரும். சின்ன வயதுப் பெண், ஈறிலிருந்து ரத்தம், ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் தரைமட்டம். லென்ஸில் பார்த்தால் செல் முழுக்கச் செந்நீலத் துகள் அடைத்திருக்கிறது, ஒரு செல்லில் ஆவர் ராட்கள் என்கிற ஊசி போன்ற கம்பிகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா, வேகமாக முற்றுகிற ஒரு ரத்தப் புற்றுநோய். மரபணுச் சோதனை முடிவு வரும்வரை காத்திருந்தால் மூளையில் ரத்தம் கசிந்து அந்தப் பெண் போய்விடலாம். சந்தேகம் வந்ததுமே போனை எடுத்து, ஆட்ரா மருந்தை இன்றே தொடங்குங்கள் என்று வார்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். சரியான நேரத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகிற லுக்கீமியா இது. இந்த வேலையில் நோயாளி எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று, நம் மாகாணத்தில் எச்.ஐ.வி.யும் டி.பி.யும் அதிகம். மூன்று வகை ரத்த அணுவும் குறைந்து வருகிற ஒருவரின் மஜ்ஜையில் டி.பி. கிரானுலோமா (அழற்சிக் கட்டி) இருக்கும், பர்கிட் லிம்ஃபோமா இருக்கும், சில சமயம் பார்வோவைரஸ் தொற்று. பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்ஃபோமா என்கிற அரிய வகையைப் பல நாட்டில் புத்தகத்தில்தான் பார்ப்பார்கள், இங்கே ரெஜிஸ்ட்ராராக இருக்கும்போதே நேரில் பார்த்துவிடுவீர்கள். பெருமைப்படுகிற விஷயமில்லை, ஆனால் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் சுலபத்தில் கிடைக்காது என்பது என் கட்சி. 2022இல் ரத்தப் புற்றுநோய்களுக்கு டபிள்யூ.எச்.ஓ. (உலக சுகாதார நிறுவனம்) வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு ஒரு பக்கம், ஐ.சி.சி. என்கிற சர்வதேச ஒருமித்த வகைப்பாடு இன்னொரு பக்கம் என்று இரண்டு வகைப்பாடுகள் வந்து தொலைத்தன, இரண்டையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஆக, வாழப்போவது அமெரிக்காவில் என்று முடிவாகிவிட்டால் இப்போதே யு.எஸ்.எம்.எல்.இ. பக்கம் திரும்புங்கள், இங்கே நான்கு வருடம் செலவழித்துவிட்டு அங்கே மறுபடி ரெசிடென்சியில் முதலிலிருந்து ஆரம்பிப்பது கொடுமை. இங்கேதான் என்றால் ஃபெல்லோஷிப் பேச்சை விட்டுவிட்டு ரெஜிஸ்ட்ரார் விளம்பரத்தைப் பாருங்கள். அதுவரை உங்கள் ஆஸ்பத்திரி லேப்பில் ஸ்மியர் பார்க்கிற டெக்னாலஜிஸ்டிடம் போய், நீங்கள் வார்டில் பார்த்த நோயாளிகளின் ஸ்லைடைக் காட்டச் சொல்லுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், வெறுங்கையோடு போகாமல் ஒரு பாக்கெட் சமூசா கொண்டு போங்கள். சரி, அடுத்த கேள்வி நம் டர்பன் பீனிக்ஸிலிருந்து ஒரு அம்மா, மகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையாம்.